குழல் வாயில் இலை

மார்கழி 18

நேற்று விடியற்புறம் பன்றி இறங்கி மேட்டுக் கண்டத்தில் கால்வாசியை உழுதுவிட்டுப் போயிருக்கிறது. கதிர் இன்னும் பால் பிடிக்கவில்லை. தின்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. இருந்தும் வரம்பை உடைத்து, பயிரை வேரோடு புரட்டி, மேலே படுத்து உருண்டிருக்கிறது. பசிக்கு வருகிற பன்றி வேறு. இது வேறு.

இதை நான் சொல்ல என் மகள் பூரணம் எழுதுகிறாள். எனக்கு எழுத்துத் தெரியாது, கைநாட்டுத்தான். ஆனால் ஒன்றும் மறப்பதில்லை. பெரிய வெள்ளம் வந்த வருஷம் குளக்கட்டு முதலில் கசிந்தது எந்த மருத மரத்தடியில், அன்று யார் யார் மண் சுமந்தார்கள், யார் காய்ச்சல் என்று படுத்திருந்தார்கள் எல்லாம் இருக்கிறது. போன மாதம் குளத்துக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். “வாய்ப்பேச்சுக்கு என்னண்ணை சாட்சி?” என்று தலைவர் சிரித்தார். அதனால்தான் எழுதிவைக்க இந்தக் கொப்பியை வாங்கினேன் என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறேன்.

பக்கத்து வயல்காரன் சரவணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

“என்ன ஐயம்பிள்ளையண்ணை, பள்ளிக்கூடம் போகப் போறியளோ?”

“ஓம். நீயும் வா. பாலர் வகுப்பிலை ரெண்டு பேரும் ஒரு வாங்கிலை இருப்பம்.”

“நான் உங்களைப் பாத்து எழுதுவன்.”

“அப்ப ரெண்டு பேரும் பெயில்.”

பூரணம் சிரித்தாள். சிரித்து நாளாகிறது.

மனைவி கண்மூடிய பிறகு மத்தியானம் வந்து எனக்குச் சமைத்துத் தருவது அவள்தான். மைம்மலுக்கு முன், இருட்டு விழமுன், தன் வீட்டுக்குப் போய்விட வேண்டும். இன்னும் எழுத நிறைய இருக்கிறது பிள்ளை, இரு என்றேன். நிறைய ஒன்றும் இல்லை.

மார்கழி 21

மழை விட்டது. வெடிமருந்து இடித்தேன்.

எங்கள் துவக்கு இடியன் என்கிற நாட்டுத் துப்பாக்கி. குழல் வாயால் மருந்தைப் போட்டு, மேலே தேங்காய்த் தும்பு, அதற்கு மேல் ஈயக் குண்டாகிய சன்னம், மறுபடி தும்பு, கோலால் இடித்து இறுக்குவது. பயிர்க் காவலுக்கென்று என் பெயரில் லைசன்ஸ் உண்டு. என் வலக் கண்ணில் வெள்ளை விழுந்துவிட்டதால் நான் குறி பார்த்து வெடி வைப்பதில்லை. மருந்து இடிப்பதும் துவக்கைப் பார்ப்பதும் நான். வெடி வைப்பது மருமகன், பூரணத்தின் புருசன் குலசிங்கம். என் வயல் இரண்டு, அவனுடையது ஒன்று, மூன்று வயலுக்கும் ஒரே துவக்கு. என் வீட்டில் இருக்கும், மைம்மலில் அவன் வந்து எடுத்துப் போவான், விடியக் கொண்டுவந்து தருவான்.

எந்த மரத்துக் கரி, எவ்வளவு ஈரம், எத்தனை நாள் உலர்த்தல் என்பதெல்லாம் என் கையில் இருக்கிறது. அதை எழுத மாட்டேன். வேறொன்று எழுதலாம். துவக்கு வீடு மாறும்போது வெறும் குழலாகத்தான் மாறவேண்டும். மருந்து அடைத்திருந்தால் குழல் வாயில் ஒரு பச்சை இலையைச் செருகி வைக்க வேண்டும். இலை இல்லை என்றால் வெறும் துவக்கு. என் தகப்பன் காலத்திலிருந்து இதை யாரும் மீறியதில்லை. அதோடு, அடைக்கிறவன் முதலில் கோலை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். கோலில் ஒரு வெட்டு இருக்கிறது. வெட்டு குழல் வாயோடு நின்றால் உள்ளே ஒன்றுமில்லை. மேலே நின்றால் மருந்து கிடக்கிறது. மருந்துக்கு மேல் மருந்து அடைத்து வெடி வைத்தால் பன்றி சாகாது, வைத்தவன் சாவான்.

குலசிங்கம் கோல் விட்டுப் பார்ப்பதில்லை. இலையைப் பார்ப்பான், அவ்வளவுதான். “கிழவன்ரை அளவு கொசுவுக்குக் காணும்” என்று சொல்லி இரட்டிப்பாகப் போடுவான். துவக்கு உதைக்கும். அந்த உதையில் அவனுக்கு ஒரு சந்தோஷம்.

எழுதியதை வாசித்துக் காட்டினாள். சரியாக இருந்தது.

மார்கழி 22

மழை. ஒன்றும் செய்யவில்லை. பூரணம் வரவில்லை. இதை மறுநாள் சொல்லி எழுதுவித்தேன்.

மார்கழி 27

விடிய வெளிக்கும்போது வெடிச்சத்தம் கேட்டுப் போனேன். குலசிங்கம் ஒரு பெட்டைப் பன்றிக்கு வைத்திருந்தான். மருந்து அதிகம், சன்னம் சிதறிப் பின்னங்கால் இரண்டும் முறிந்துவிட்டது. பன்றி முன்காலால் சேற்றில் இழுத்து இழுத்துப் போய்க்கொண்டிருந்தது. இன்னொரு வெடி வைத்தால் முடிந்திருக்கும். அவன் கையில் மருந்து வைக்கும் கொம்பும் இருந்தது. அவன் துவக்கைக் காவல் பரணில் சாத்திவிட்டுக் கோடரியை எடுத்தான்.

பூரணமும் அங்கே நின்றாள். இரவுக் காவலுக்கு அவளையும் கூட்டிப் போகிறான் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். தேத்தண்ணி வைக்க என்றான்.

“காலைப் பிடியடி.”

அவள் பிடிக்கவில்லை.

“பிடியடி எண்டு சொன்னன். பண்டிக்கே பயந்தால் என்னோடை எப்பிடிக் குடும்பம் நடத்துறது?”

பிடித்தாள். அவன் கழுத்தில் வெட்டவில்லை. முதுகில் வெட்டினான், விலாவில் வெட்டினான், தாடையில் வெட்டினான். ஒவ்வொரு வெட்டுக்கும் நின்று அவள் முகத்தைப் பார்த்தான். பன்றி கத்தியது பிள்ளை கத்துவதுபோல் இருந்தது. அவளுடைய சேலை, கை, நெற்றி எல்லாம் இரத்தம். “கழுத்திலை போடு மருமோன், முடியட்டும்” என்றேன். “அவசரப்படாதேங்கோ மாமா” என்று மரியாதையாகச் சொன்னான்.

வயிற்றில் ஐந்து குட்டி. நாய்க்குப் போட்டான்.

இறைச்சி எனக்கும் ஒரு பங்கு வந்தது. சரவணைக்குக் கொடுத்துவிட்டேன்.

தை 2

நேற்றுப் பொங்கல் பொங்கினோம். பூரணத்துக்குக் கீழ் உதடு வெடித்திருந்தது. பொங்கலின் சூடு பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்தது. நான் இந்த வரியைச் சொன்னேன், அவள் எழுதினாள். வாசித்துக் காட்டும்போது அந்த வரி வரவில்லை.

“ஒண்டு குறையுது.”

“இல்லையப்பு.”

“பொங்கல் எண்டதுக்குப் பிறகு ஒரு வசனம் சொன்னனான்.”

“அது எதுக்கு?”

“நான் சொன்னதை நீ எழுது.”

எழுதினாள். அடுத்து அவளாகவே ‘கதவு இடித்தது’ என்று சேர்த்து வாசித்தாள். நான் அதைச் சொல்லவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

முந்தி இரண்டு தரம் அவளைக் கூட்டி வந்தேன். முதல் தரம் ஊர்ப் பெரியவர்கள் வந்து, புருசன் பெண்சாதி விஷயம் என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தரம் அவனே வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அழுகிறவனை எப்படித் துரத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

தை 6

கொக்கும் மயிலும் வயலில். தகரம் தட்டினேன்.

பூரணத்துக்கு வலத் தோளில், காறை எலும்புக்குக் கீழே, வட்டமாக நீலம் பாய்ந்திருந்தது. சட்டை விலகியபோது கண்டேன். என் கண்ணுக்கே தெரிந்தது என்றால் பெரிய அடி. கேட்டேன். நெல் மூட்டை இடித்தது என்றாள். முட்டியால் குத்தியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். எழுதும்போது கையை உயர்த்த முடியவில்லை, கொப்பியை மடியில் வைத்து எழுதினாள். நான் சொல்வதும் சரியாகக் கேட்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

“காதுக்குள்ளை என்ன?”

“இரையுது.”

கன்னத்தில் அறைந்திருக்கிறான்.

இதையும் எழுது என்றேன். எழுதினாள்.

தை 9

நேற்று அவள் வந்தபோது இடக் கை மணிக்கட்டு வீங்கியிருந்தது. எண்ணெய் தடவிக் கட்டினேன். போகாதே என்றேன். இருந்தாள். அம்மாவுடைய பாயில் படுத்தாள். ஒரு மூச்சில் நித்திரை. குறட்டை கூட விட்டாள்.

காலையில் குலசிங்கம் வந்தான். அவள் அடுப்படியில் இருந்தாள். கண்டும் காணாததுபோல் என்னிடம் வந்தான்.

“மாமா, துவக்கைத் தாருங்கோ. குளக்கட்டிலை குரங்கு.”

கொடுத்தேன். மருந்துக் கொம்பையும் கொடுத்தேன். முற்றத்தில் நின்று அவசரமில்லாமல் அடைத்தான். தொப்பி என்று நாங்கள் சொல்லும் சின்ன வெடிமூடியை வைத்து, சுத்தியலை இழுத்து, திரும்பி, தூணில் கட்டிக் கிடந்த என் நாய் வேங்கைக்கு வைத்தான். வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அவனை அதற்கு நன்றாகத் தெரியும். தலை இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. உடம்பு கயிற்றின் அளவுக்கு ஓடிப்போய் விழுந்தது.

எனக்குக் காது அடைத்துவிட்டது. அவன் பேசியது தூரத்தில் கேட்டது.

“விசர் நாய் மாதிரித் தெரிஞ்சுது மாமா. அதுதான்.” பிறகு கூரையை அண்ணாந்து பார்த்தான். “ஓலை நல்லாக் காஞ்சு கிடக்குது. இதுக்கு வெடி மருந்தெல்லாம் வீண் செலவு. ஒரு நெருப்புக்குச்சி காணும். நீங்கள் படுக்கிறது உள்ளுக்கைதானே?”

பூரணம் எழும்பிக் கையைக் கழுவினாள். அவனுக்குப் பின்னால் நடந்து போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மருந்து நான் இடித்தது. இதையும் எழுது.

தை 10

வேங்கையைப் புதைத்தேன்.

தை 14

மத்தியானம் துவக்கைக் கழற்றித் துடைத்தேன். எண்ணெய் போட்டேன். மூலையில் சாத்தினேன்.

பூரணம் வந்ததும் என் விரலைப் பார்த்தாள்.

“என்னப்பு கையெல்லாம் கறுப்பு?”

“துவக்குத் துடைச்சனான்.”

“துடைச்சால் இவ்வளவோ?”

“பழைய புகை. போகாது.”

மூலைக்குப் போய்க் குழல் வாயைப் பார்த்தாள். இலை இல்லை.

“வெறும் துவக்கோ?”

“வெறும் துவக்கு. எழுது.”

மறுபடியும் என் விரலைப் பார்த்தாள். பிறகு எழுதினாள். வாசித்துக் காட்டு என்று இன்று நான் கேட்கவில்லை.

குரக்கன் களியும் கருவாட்டுக் குழம்பும். நன்றாகச் சாப்பிட்டேன். பொழுது சாய முன் குலசிங்கம் வந்து துவக்கை எடுத்தான். வாயைப் பார்த்தான், தோளில் போட்டான், போனான். அவளும் போனாள்.

தை 19

ஐந்து நாள் எழுதவில்லை. இன்று சொல்கிறேன். பூரணம் எழுதுகிறாள். அவள் எழுதமாட்டேன் என்றால் எழுத வேறு ஆள் இல்லை. எழுதுகிறேன் என்றாள்.

அன்று அவர்கள் போன பிறகு வாசலில் இருந்து தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். பனிக்கு எனக்கு வலத் தோள் உளையும். நாற்பது வருஷம் துவக்கின் அடிக்கட்டை உதைத்த இடம் அது. காறை எலும்புக்குக் கீழே வட்டமாக ஒரு காய்ப்பு. தோல் கறுத்துத் தடித்திருக்கும். விரல் அந்த வட்டத்தைச் சுற்றிச் சுற்றித் தேய்க்கிறது. சுற்றிக்கொண்டிருந்த விரல் நின்றது.

வலத் தோள். காறை எலும்புக்குக் கீழே. வட்டம். காதில் இரைச்சல்.

அவன் குத்தவில்லை. துவக்கு உதைத்திருக்கிறது. என் மகளைக் கொண்டு வெடி வைப்பித்திருக்கிறான், இரட்டை அளவு போட்டு. அவள் தெறித்து விழுவதைப் பார்க்க.

வேட்டியை மடித்துக் கட்டவும் இல்லை, ஓடினேன். மத்தியானம் நான் மருந்து அடைத்தேன், என் கையால், இறுக்கி. இலை வைக்கவில்லை. அவன் பரணுக்குப் போய், வழக்கம்போல் கோல் விட்டுப் பார்க்காமல், மேலே தன் அளவைப் போடுவான் என்று கணக்குப் போட்டேன். அவனுடைய கை என்றுதான் நினைத்தேன். அவனுடைய முகம் என்றுதான் நினைத்தேன்.

மைம்மல் நேரத்தில் எனக்கு வரம்பும் வாய்க்காலும் ஒன்றுதான். இரண்டு தரம் விழுந்தேன். கால் பெருவிரல் நகம் எங்கோ கழன்றுபோனது. சரவணை தன் கொட்டிலில் இருந்து “என்னண்ணை, பாம்போ?” என்று கேட்டான். நிற்காமல் ஓடினேன்.

பரணுக்குக் கீழே நின்றார்கள். குளக்கட்டின் ஓரம் பன்றிக் கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. பூரணத்தின் தோளில் துவக்கு. வீங்கிய கையால் குழலைத் தாங்கிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால், அவள் முதுகோடு மார்பு ஒட்டாத குறையாக, குலசிங்கம். ஒரு கையில் சாராயப் போத்தல், மற்றக் கை அவள் கழுத்துக்குப் பின்னால். சிரித்துக்கொண்டு நின்றான்.

“வைக்காதை! பிள்ளை, கீழை போடு! குழலுக்கை ரெண்டு மருந்து கிடக்குது!”

பன்றிகள் ஓடிவிட்டன.

“என்ன மாமா இது, பண்டியைக் கலைச்சுப்போட்டியள்” என்றான். பிறகுதான் நான் சொன்னது அவனுக்கு உறைத்தது. “என்ன ரெண்டு மருந்து? ஆர் அடைச்சது?”

“நான்.”

“இலை எங்கை?”

“வைக்கேல்லை.”

“ஏன் வைக்கேல்லை?”

அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். விளங்கிவிட்டது என்று நினைத்தேன். அந்த இடத்திலேயே என்னை அடித்துக் கொன்றிருந்தாலும் சரி, அவள் தோளில் இருந்து துவக்கு இறங்கினால் போதும் என்றிருந்தது. ஆனால் அவன் சிரித்தான்.

“பொய். முழுப் பொய். மோளின்ரை தோள் நோகும் எண்டு ஓடி வந்திருக்கிறார் கிழவன். இலை வைக்காமல் விடுற ஆளோ நீர்? செத்தாலும் வைப்பீர்.” அவள் பக்கம் திரும்பினான். “ஏய், நீதானே அடைச்சனி. கோல் விட்டுப் பாத்தனியோ?”

அடைத்ததும் அவள்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரியும்.

பூரணம் துவக்கை இறக்கினாள். என்னைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் என்னை அவள் பார்த்ததே இல்லை.

“பாத்தனான்.”

“எப்பிடி நிண்டது?”

“வெட்டு வாயோடை நிண்டது. வெறும் குழல்.”

“கேட்டீரோ மாமா?”

“நீயே கோலை விட்டுப் பார் தம்பி” என்றேன். “ஒருக்கால் விட்டுப் பார்.”

“உம்மடை சொல்லுக்கு நான் கோல் விடுறதோ?”

அவள் கையிலிருந்து துவக்கைப் பறித்தான். பறித்த வேகத்தில் அடிக்கட்டையால் அவள் வாயில் ஒன்று போட்டான், அது சும்மா, போகிற போக்கில் போட்டது. குழலை என் பக்கம் திருப்பினான்.

“பொய் சொன்ன வாய்க்கு ஒரு வெடி. காலடியிலைதான் வைப்பன், பயப்பிடாதையும். குதிக்கிறதை நான் ஒருக்கால் பாக்கவேணும்.”

பூரணம் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். பரணுக்குப் பக்கத்தில் ஒரு பாலை மரம் நிற்கிறது. அதற்கு அப்பால் போய் நின்றாள். நான் பார்த்தேன். அவன் பார்க்கவில்லை.

வெடித்தது வெடிபோல் இல்லை. குளக்கட்டு உடைந்ததுபோல் இருந்தது. என் காதின் நுனியை ஏதோ பிய்த்துக்கொண்டு போனது. புகை விலகியபோது குலசிங்கம் நின்றுகொண்டுதான் இருந்தான். இடக் கை முழங்கைக்குக் கீழே இல்லை. தாடையில் ஒரு பக்கம் இல்லை. கழுத்தில் இரும்புத் துண்டு ஒன்று செருகிக்கொண்டு நின்றது. எதையோ தேடுகிறவன்போல் நிலத்தைப் பார்த்தான். பிறகு முழங்காலில் விழுந்தான்.

சரவணை உழவு மெசினைக் கொண்டுவந்தான். பெட்டியில் வைக்கோல் போட்டுக் கிடத்தினோம். ஆஸ்பத்திரி தூரம். பூரணம் அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். அவனுக்குச் சொல் வரவில்லை, தொண்டையால் ஒரு சத்தம்தான். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், மார்கழியில் சேற்றில் கேட்டது. தண்ணீர் கேட்கிறான் என்று அவளுக்கு விளங்கியது. சேலைத் தலைப்பை நனைத்துப் பிழிந்தாள். தார் ரோட்டில் ஏறும்போது முடிந்துவிட்டது.

பொலிஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் வெடித்த குழலைச் சாக்கில் சுற்றினார்.

“ஆர் மருந்து அடைச்சது?”

“நான்தான் ஐயா” என்றேன்.

“நான்தான் சேர் அடைச்சது” என்றாள் பூரணம்.

“ஒரு துவக்குக்கு ரெண்டு பேரோ?” என்று அலுத்துக்கொண்டார். அது சரியான கேள்விதான். சரவணையைக் கேட்டார். “எனக்கு அப்பவே காது அடைச்சுப்போச்சு ஐயா. ஒருதரும் ஒண்டும் கத்தினதாகக் கேக்கேல்லை” என்றான் அவன். கேளாத கேள்விக்கும் பதில் சொல்கிறான் என்று இன்ஸ்பெக்டர் அவனை ஒரு பார்வை பார்த்தார். நாட்டுத் துவக்கு, பழைய இரும்பு, குடித்திருக்கிறான், இப்படித்தான் நடக்கும் என்றார். மாசி பிறந்ததும் விசாரணைக்கு வரச் சொன்னார்.

மைம்மல் நேரம். கோலில் வெட்டு எங்கே நிற்கிறது என்று பூரணத்துக்குச் சரியாகத் தெரிந்திராது. கையும் வீக்கம். பிழைத்திருக்கும். அப்படித்தான் இருக்கும்.

இதையும் அவள் அப்படியே எழுதினாள்.

தை 24

குலசிங்கத்தின் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வேண்டிய சாமானுக்குச் சரவணை போய்வந்தான். பூரணம் இங்கேதான் இருக்கிறாள். மணிக்கட்டு வீக்கம் வற்றிவிட்டது. முன்பல் ஒன்று ஆடுகிறது.

தை 27

கதிர் முற்றுகிறது. துவக்கு இல்லை. தகரம் தட்டினோம்.

மாசி 2

நாளைக்கு விசாரணை. இன்று பின்னேரம் பூரணம் கொப்பியை எடுத்துக்கொண்டு வந்து இருந்தாள். நான் சொல்லத் தொடங்கவில்லை. கேட்டேன்.

“பிள்ளை, அண்டைக்குக் கோல் விட்டுப் பாத்தனியோ?”

“பாத்தனான்.”

“வெட்டு எங்கை நிண்டது?”

“வாய்க்கு மேலை. நாலு விரல்.”

முற்றத்தில் நெல்லுக் காயப்போடும் பாய் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பாத்தும் மேலை அடைச்சனியோ?”

“ஓம்.”

“அடைச்சுப்போட்டு உன்ரை தோளிலை வைச்சனியோ?”

“அவர் எப்பவும் எனக்குப் பின்னாலை ஒட்டிக்கொண்டுதான் நிக்கிறவர், அப்பு. நான் தெறிக்கேக்கை பிடிச்சுச் சிரிக்கிறதுக்கு. என்னோடை அவரும் போவார் எண்டு நினைச்சன்.” பேனா மூடியைக் கழற்றினாள், போட்டாள். “உங்கடை கை கறுப்பைக் கண்ட உடனை எனக்கு விளங்கினது. நீங்கள் அவருக்கெண்டு அடைச்சிருக்கிறியள். என்னை நினைக்கேல்லை எண்டும் விளங்கினது. நான்தான் அங்கை அடைக்கிறதெண்டு உங்களுக்கு என்னெண்டு தெரியும்? சொல்லுவம் எண்டு பாத்தன். பிறகு, இருக்கட்டும், இதுவும் ஒரு வழிதான் எண்டு விட்டன்.”

“நான் வந்து கத்தினன்.”

“கத்தினியள். அதுக்குப் பிறகுதான் எனக்குச் சாக விருப்பமில்லாமல் போச்சு.”

கண்ணில் வெள்ளை விழுந்ததில் ஒரு நன்மை, அழுதாலும் பூளை வழிகிறது என்று சொல்லலாம். துண்டால் துடைத்தேன்.

நாளைக்கு நான் முழுதும் சொல்லப் போகிறேன் என்றேன். நான் அடைத்தேன், வேண்டுமென்றே இலை வைக்கவில்லை, அவளுக்கு ஒன்றும் தெரியாது, அவ்வளவுதான். என் வயதுக்கு ஜெயில் என்ன, வீடு என்ன. அவளுக்கு வயது கிடக்கிறது. வயல் இரண்டும் அவளுக்குத்தான். சரவணை உதவியாக இருப்பான். இதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். ஐந்து நாளாக மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன்.

எழுதவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் சொன்னாள்.

“நீங்கள் அடைச்சதை நீங்கள் சொல்லுங்கோ. நான் அடைச்சதை நான் சொல்லுவன்.”

“விசரி மாதிரிக் கதையாதை. ரெண்டு பேரையும் கொண்டுபோவாங்கள்.”

“கொண்டுபோகட்டும்.”

“உன்னைக் காப்பாத்தத்தானே பிள்ளை நான் இவ்வளவும் செய்தது!”

என் குரல் உயர்ந்துவிட்டது. வேலிக்கு அப்பால் சரவணை இருமினான். பூரணம் கொப்பியைத் திறந்து, தேதியைப் போட்டு, இவ்வளவையும் நான் சொல்லாமலே எழுதத் தொடங்கினாள். எழுதியபடியே, தலை நிமிராமல் சொன்னாள்.

“ஜெயிலுக்கெண்டாலும் பரவாயில்லையப்பு, உங்களோடை போறன். அந்த வீட்டுக்கு ஒவ்வொரு நாளும் மைம்மலிலை தனியத்தானே போனனான். நீங்கள் வாசலிலை நிண்டு பாத்துக்கொண்டுதானே நிண்டியள்.”